பெயர் எழுதாத தரைச்சித்திரம்: திருகோணமலை நடைபாதையில் பதிப்பதற்கான முழு வழிகாட்டி

தரையில் பதித்த ஒரு சித்திரம் எத்தனை காலம் நிற்கும் என்பதை அதன் விளிம்புதான் தீர்மானிக்கிறது. விளிம்பு 3 மில்லிமீற்றர் எழும்பி நின்றால் போதும், கால் தடக்கும், சைக்கிள் ரயர் இடிக்கும், மாரி மழைநீர் அடியால் நுழையும். பிறகு ஒவ்வொரு துண்டாகக் கழரும். ஆகவே கீழே சொல்லப்படும் அளவுகளில் அதிகம் விளிம்பைப் பற்றியதாகவே இருக்கும்.

பிலடெல்பியாவில் நடந்தது என்ன?

பெயர் சொல்லாமல் தரையில் பதிப்பதற்குப் பேர்பெற்ற உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1980களிலிருந்து அந்நாட்டு நகரங்களின் தார் வீதிகளில், வாகன இலக்கத்தகடு அளவான, தரையோடு ஒட்டிய பலகைகள் முளைக்கத் தொடங்கின. ஏறக்குறைய 30 செ.மீ நீளம், 15 செ.மீ அகலம். வரலாற்றாசிரியர் டொயின்பீயின் பெயரோடு, இறந்தவர்களை வியாழன் கோளில் உயிர்ப்பியுங்கள் என்ற ஒரே செய்தி அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது. பிலடெல்பியாவிலேயே அதிகம். பின்னர் நியூயோர்க், சிக்காகோ என்று பரவி, தென்னமெரிக்காவிலும் சில நகரங்களில் கண்டெடுக்கப்பட்டன. மொத்தம் நூற்றுக்கணக்கானவை. 2011இல் வந்த ஓர் ஆவணப்படம் அதைச் செய்தவரை நெருங்கிப் போனது. ஆனாலும் எவரும் முன்வந்து "நான்தான்" என்று சொல்லவில்லை.

இத்தனை ஆண்டுகள் ஒருவர் அகப்படாமல் இருந்ததற்கு அந்தத் தொழில்நுட்பமே காரணம். லினோலியம் என்ற தரைவிரிப்பில் எழுத்துகளை வெட்டி, வேறு நிற லினோலியத்தில் அதே வடிவில் குடைந்த குழிகளுக்குள் பொருத்துவார்கள். அடியில் வீதி வெடிப்புகளுக்கு ஊற்றும் தார்ப்பசை. மேலே தார்க்கடதாசி. வீதியில் கிடக்கும்போது அது குப்பை போலவே தெரியும். மேலே ஓடும் வாகனங்கள் அதை அழுத்தும், வெயில் தாரை இளக்கும். சில வாரங்களில் மேற்கடதாசி தேய்ந்துபோக, எழுத்து வெளியே வரும். அப்போது போட்டவர் எங்கேயோ இருப்பார். ஒட்டும் வேலையை வீதியும், மறைக்கும் வேலையைக் காலமும் செய்துவிடுகின்றன.

பிரான்சின் லியோன் நகரில் 2016 முதல் இன்னொரு வழி நடக்கிறது. 'எமமெம்' என்ற புனைபெயரில் மட்டும் அறியப்படும் ஒருவர், உடைந்த நடைபாதைக் குழிகளை வண்ண ஓட்டுத் துண்டுகளால் நிரப்புகிறார். இது சீமெந்து வேலை. எங்கள் ஊருக்கு இதுவே பொருந்தும்.

லினோலியம் வழி இங்கே ஏன் சிக்கல்?

முதலாவது, ஹாட்வெயார் கடைகளில் லினோலியம் என்று சுருளாக விற்பது பெரும்பாலும் பிவிசி விரிப்பு. உண்மையான லினோலியம் ஆளிவிதை எண்ணெய், தக்கைத்தூள், மரத்தூள், சுண்ணக்கல் தூள் கலந்து சணல் துணியில் படியவைத்தது. வெட்டிப் பார்த்தால் மேல் நிறமே உள்ளே வரை ஓடும், பின்பக்கம் சணல் இழை தெரியும், எண்ணெய் மணக்கும். பிவிசி விரிப்பில் நிறம் மேல்தோலில் மட்டும்தான். அதிலும் மோசமாக, பிவிசியை வளையச் செய்வதற்குச் சேர்த்த எண்ணெய்த் தன்மையான பொருள் தாருக்குள் இறங்கிவிடும். விரிப்பு சுருங்கி விறைக்கும், அடியிலிருக்கும் தார் கூழாகும், ஓரங்கள் சுருண்டு எழும்பும். அதாவது விளிம்பு போய்விடும்.

இரண்டாவது, வெயில். வீதித் தார் 50 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். வைகாசியிலிருந்து ஆவணி வரை, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில், நண்பகல் தார் வீதியின் மேற்பரப்பு அதைத் தாண்டும். பலகை சீக்கிரம் ஒட்டும் என்பது உண்மை. அதே வேகத்தில் அது நகரவும் செய்யும். பஸ் தரிப்பிடம், வளைவு, மணிக்கூட்டுக் கோபுரச் சந்தி போல வாகனங்கள் பிரேக் பிடிக்கும் இடங்களில் அது தள்ளிப் போய் மடியும்.

உண்மையான லினோலியம் கையில் கிடைத்து, உங்கள் சொந்த வளவுக்குள் தார் போட்ட பாதை இருந்தால் செய்து பார்க்கலாம். காபெட் போட்ட, அதாவது சல்லி தெரியாத வழவழப்பான தார்த் தரை வேண்டும். சல்லி துருத்திக்கொண்டிருக்கும் பழைய தார் ஒழுங்கையில் ஒட்டாது. பலகையை முகம் கீழாகத் தார்க்கடதாசியில் வெள்ளைப் பசையால் ஒட்டி, முதுகில் 2 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் வெடிப்புத் தார்ப்பசை பூசி, வெயில் ஏறிய தரையில் வைத்து, வண்டிச் சக்கரத்தை நிதானமாக ஏற்றி இறக்குங்கள். பசை தடிப்பாக இருந்தால் ஓரத்தால் பிதுங்கிச் செருப்பில் ஒட்டும்.

இனி வரும் படிகள் எல்லாம் சீமெந்து வழிக்கானவை.

இடமும் அனுமதியும்

ஏ, பி தர வீதிகளும் அவற்றின் ஓரமும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அடுத்த தரங்கள் மாகாணத் திணைக்களத்துக்கும், உள் ஒழுங்கைகளும் நடைபாதைகளிற் பெரும்பாலானவையும் உள்ளூராட்சி சபைக்கும் உரியவை. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும் எதையும் தொடாதீர்கள். அது தொல்பொருள் காப்பிடம், படைமுகாமும் உண்டு. கோட்டைச் சுவரை ஒட்டிய கல்தளங்களுக்கும் இதே விதிதான்.

எழுத்தில் அனுமதி இல்லாமல் பொது வழியைக் கொத்தக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, இந்த ஊரில் இரவில் வீதியோரத்தைத் தோண்டிக்கொண்டிருக்கும் ஒருவரைக் காண்கிறவருக்கு முதலில் வரும் எண்ணம் சித்திரமாக இருக்காது. போரைக் கண்ட அயலவர்களுக்கு அந்தப் பயத்தைக் கொடுப்பது நியாயமே இல்லை. பகலில் செய்யுங்கள்.

அனுமதி எடுத்தால் பெயர் வெளிப்பட்டுவிடுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரிலோ சனசமூக நிலையத்தின் பெயரிலோ "உடைந்த நடைபாதைத் திருத்தம்" என்று கடிதம் கொடுக்கலாம். ஒரு வரைபடம், அளவு, பாவிக்கும் பொருள், எத்தனை நாள் தடுப்பு நிற்கும் என்பதைக் குறியுங்கள். கடிதம் கோப்புக்குள் இருக்கும், தரையில் பெயர் இருக்காது. செய்தவர் யார் என்பது வழிப்போக்கருக்குத் தெரியாமலே போகும்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது நீர்வழங்கல் சபையின் வால்வு மூடி, தொலைபேசி, மின் கேபிள் குழிகள், நில அளவைக் கல் ஆகியவற்றிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி நில்லுங்கள். அளவைக் கல்லை மூடுவதும் அசைப்பதும் காணி வழக்கில் கொண்டுபோய் விடும். பக்கத்து வீடுகளில் யாராவது புதுக் குழாய் இணைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நல்ல வேலைகள் பல இப்படித்தான் மூன்று மாதத்தில் உடைபட்டுப் போகின்றன. தேர் வரும் வீதியையும் தவிருங்கள். தேரின் பாரத்தையும், சிதறு தேங்காயையும், தரையில் கொளுத்தும் கற்பூரத்தையும் ஓட்டுத் துண்டுகள் தாங்கா.

எதைப் பதிப்பது

டொயின்பீ பலகைகள் முழுக்க எழுத்து. எங்களுக்கு அது கொஞ்சம் இடறும். கடதாசியில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். எழுத்தை நடைபாதையின் நடுவில் போட்டால் முதியவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள், அவர்களை வீதிக்குள் இறக்கிவிட்டது நீங்களாக இருப்பீர்கள். எழுத்து வேண்டுமென்றால் கால் விழாத மதில் ஓரத்தில், இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துங்கள். நடுவழிக்கு மீன், நண்டு, புள்ளிமான், அலை, கோலச் சுழி போன்றவை போதும். சூலம், பிறை, அரசிலை, சிலுவை, தெய்வத்தோடு சேர்ந்த தாமரை, கொடி, கட்சிச் சின்னம் எதையும் காலடியில் வைக்கக் கூடாது. மூன்று மொழி பேசும் ஊரில் இதற்கு விதிவிலக்கே இல்லை.

படத்தின் கோடுகள் தடிப்பாக இருக்கட்டும். ஒன்றரை சென்ரிமீற்றர் துண்டுகளால் மான் கண்ணின் இமையைக் காட்ட முடியாது. ஐந்து மீற்றர் தள்ளி நின்று பார்த்து அடையாளம் தெரிந்தால் படம் சரி.

துண்டும் தாளும்

தரைக்குரிய, மினுக்கம் இல்லாத போசலின் டைல்ஸையே எடுங்கள். அது நீரை அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும், காலடியில் நொறுங்கும், மழையில் வழுக்கும். எது எதுவென்று தெரியாவிட்டால் முதுகில் ஒரு துளி நீர் விடுங்கள். சட்டென்று குடித்தால் அது சுவருக்குரியது. கட்டட வேலை நடக்கும் வீடுகளில் உடைந்த மிச்சங்கள் இனாமாகவே கிடைக்கும். எல்லாம் ஒரே தடிப்பாக இருப்பது முக்கியம், 8 மில்லிமீற்றர் நல்லது. பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டு வேண்டவே வேண்டாம். டைல்ஸை நனைத்து, சாக்கால் மூடி, கண்ணாடி அணிந்து சுத்தியலால் உடையுங்கள். ஓட்டுத் தூசி நெஞ்சுக்குக் கூடாது. பிறகு வெட்டுக் குறடால் 1.5 செ.மீ அளவுக்குச் செப்பனிடலாம்.

30 × 45 செ.மீ குழிக்குச் சுற்றிலும் 2 செ.மீ சீமெந்துக் கரை விட்டால், படம் 26 × 41 செ.மீ. துண்டுக்குத் துண்டு 2 முதல் 3 மி.மீ இடைவெளியோடு ஏறத்தாழ 350 துண்டுகள் பிடிக்கும். ஒவ்வொரு நிறத்திலும் இருபது துண்டு மேலதிகமாக எடுத்து வையுங்கள்.

துண்டுகள் முகம் கீழாகத் தாளில் ஒட்டப்படும். ஆகவே தாளில் இருக்கும் படம் இடவலம் மாறியிருக்க வேண்டும். மெல்லிய தாளில் சரியாக வரைந்து, திருப்பி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பள்ளிக் கொப்பிக்கு உறை போடும் பிறவுண் பேப்பரில் நகலெடுங்கள். எழுத்திருந்தால் கவனம். 'ப' இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் பிழை தெரியாது. 'ட' வந்ததும் காட்டிக்கொடுக்கும், 'கொ'வில் கொம்பும் காலும் இடம் மாறும். ஒட்டுமுன் கைப்பேசியில் படமெடுத்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள்.

பசைக்கு ஒரு கோப்பை கோதுமை மாவும் ஐந்து கோப்பை தண்ணீரும். கட்டிபடாமல் கரைத்து, கண்ணாடிபோலத் தெளியும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். அன்றைக்கே பாவித்துவிட வேண்டும், மறுநாள் புளிக்கும். மரப்பசை பாவித்தால் பின்னர் தாள் உரியாது. துண்டின் முகத்தில் மெல்லப் பூசி ஒட்டி, ஒரு பலகையில் வைத்து ஒரு நாள் காயவையுங்கள். எலியும் கரப்பானும் இந்தப் பசையைத் தேடி வரும், மூடி வைப்பது நல்லது.

எளிய வழி: அச்சில் வார்ப்பது

நடைபாதை இன்டர்லொக் கல்லாக இருந்தால் கொத்தவே தேவையில்லை. முதல் வேலைக்கு இதையே பரிந்துரைக்கிறோம். இரண்டு கற்களைக் கழற்றி நீள அகலமும் தடிப்பும் அளந்து, நீளத்திலும் அகலத்திலும் 3 மி.மீ சிறிதாக மர அச்சு செய்யுங்கள். பொதுவாகத் தடிப்பு 6 அல்லது 8 செ.மீ. அச்சுக்குள் தாள் அடியிலும் துண்டுகளின் முதுகு மேலேயுமாக வைத்து, இடைவெளிகளுக்குள் சீமெந்துக் குழம்பு, அதன் மேல் சாந்து, அதன் மேல் கொங்கிறீற். இரண்டாம் நாள் கழற்றி, தாளை நனைத்து உரித்து, ஏழு நாள் தண்ணீர் வாளிக்குள் ஊறவிடுங்கள். பின்னர் இருந்த மணல் மெத்தையில் வைத்துத் தட்டி, மூட்டுகளில் மணல் தூவினால் முடிந்தது. பிடிக்காவிட்டால் பழைய கல்லைத் திரும்ப வைத்துவிடலாம் என்பதால் அனுமதியும் சுலபமாகக் கிடைக்கும்.

குழியும் கலவையும்

கொங்கிறீற் நடைபாதையில் ஏற்கனவே உடைந்த குழியைத்தான் எடுக்க வேண்டும். சுற்று விளிம்பை உளியால் நேர்குத்தாக வெட்டுங்கள். சரிவாக மெலிந்து வரும் ஓரத்தில் போட்ட சீமெந்து பிஸ்கற் போல உடையும். ஆழம் 5 செ.மீ, தார் ஒழுங்கையானால் 8. தாரோடு சீமெந்து ஒட்டாது, வெயிலில் சுற்றியிருக்கும் தார் இளகி அசையும். ஆகவே லொறி ஏறாத ஒழுங்கை மட்டும்.

தூசியைத் தூரிகையால் முழுவதும் எடுத்து, முதல் நாள் இரவே குழியை நனையுங்கள். மறுநாள் தரை ஈரமாக இருக்க வேண்டும், நீர் தேங்கி நிற்கக் கூடாது. உலர்ந்த குழி கலவையின் நீரைக் குடித்துவிடும். தேங்கிய நீர் கலவையைப் பலவீனமாக்கும்.

அளவுக்கு ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் டப்பா போதும். 30 × 45 × 5 செ.மீ குழியில் அடிக் கொங்கிறீற் 3 செ.மீ வரும். அதற்குச் சீமெந்து 1 டப்பா, மணல் 2, 10 மி.மீ சல்லி 3, தண்ணீர் முக்கால் லீற்றருக்கு உட்பட்டு. அதன் மேல் 12 மி.மீ சாந்துக்கு அரை டப்பா சீமெந்தும் ஒன்றரை டப்பா மணலும். எல்லாமாக 3 கிலோ சீமெந்து கைவசம் இருந்தால் போதும். ஈர மணல் பொங்கி அதிக இடம் பிடிக்கும், அப்படியானால் மணலைக் கால் பங்கு கூட்டி அளக்கவும்.

மணல் ஆற்று மணலாகவே இருக்கட்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பத்தடி தூரத்தில் கிடக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளினால், உப்பு வெள்ளையாகப் பூத்துப் படத்தை மூடும். அதன் குறுணிகள் ஒரே அளவாக இருப்பதால் சாந்தும் பிடிப்பில்லாமல் உதிரும்.

பதித்தல்

மாசி, பங்குனி, சித்திரை நல்ல காலம். ஐப்பசி முதல் தை வரை வாடை மழை குழம்பைக் கழுவிவிடும். கச்சான் காலத்தில் செய்வதானால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தொடங்குங்கள். காற்று அரை மணித்தியாலத்தில் சாந்தை வெடிக்க வைக்கும்.

குழியின் உட்புறம் முழுவதும் சீமெந்துக் குழம்பு பூசி, அது காயுமுன் கொங்கிறீற்றைப் போட்டு இடித்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுங்கள். ஒரு நாள் ஆறவிட்டு, மீண்டும் நனைத்துக் குழம்பு பூசிச் சாந்து போடவும். அதை மட்டக்கோலால் இழுக்கும்போது நடைபாதை மட்டத்துக்கு 7 மி.மீ கீழே நிற்க வேண்டும். 8 மி.மீ துண்டு தட்டும்போது ஒரு மில்லிமீற்றர் இறங்கும். இங்கே ரசமட்டம் வேண்டாம், நடைபாதையின் சரிவையே பின்பற்றுங்கள். தண்ணீர் ஓட வேண்டிய பக்கம் ஓடாவிட்டால் படம் குளமாகும்.

அடுத்தது பலர் விட்டுவிடும் படி. தாளைப் புரட்டுமுன், துண்டுகளின் முதுகுப் பக்கத்திலிருந்தே இடைவெளிகளுக்குள் 1:1 சீமெந்து, அரித்த மணல் குழம்பைக் கால் லீற்றர் அளவில் தேய்த்து நிரப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வெற்றிடம் இருக்கும். முதல் மாரியில் அதற்குள் நீர் நின்று துண்டைத் தள்ளும்.

இப்போது தாள் மேலே வரும்படி வைத்து, தட்டையான மரக்கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள். சில்லறைக் காசொன்றை நடைபாதையிலிருந்து படத்துக்குள் சறுக்கிப் பாருங்கள். எங்கும் தட்டக் கூடாது. முக்கால் மணித்தியாலம் கழித்துத் தாளைத் தண்ணீரால் நனைத்து, பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, தரையோடு தரையாகப் பின்னோக்கி உரியுங்கள். மேல்நோக்கி இழுத்தால் துண்டுகளும் சேர்ந்து வரும். விலகியவற்றை உடனே நேராக்குங்கள், சாந்து இறுகிய பின் தொடவேண்டாம். கையுறை போட்டிருப்பது அவசியம், ஈரச் சீமெந்து தோலை அரிக்கும்.

மறுநாள் மிச்ச இடைவெளிகளுக்குக் குழம்பு. ஈரப் பஞ்சை மூலைக்கு மூலையாக இழுத்துத் துடையுங்கள். இடைவெளியின் திசையில் துடைத்தால் குழம்பு வெளியே வந்துவிடும். ஏழு நாள் ஈரச்சாக்கு மூட வேண்டும். கச்சான் காலத்தில் நாளுக்கு நான்கு முறை நனைக்காவிட்டால் சாக்கு காய்ந்து, அதுவே சீமெந்தின் ஈரத்தை உறிஞ்சும்.

இரவில் ஊருக்குள் மான்கள் உலாவும், மாடுகள் படுக்கும். நாலு செங்கல்லின் மேல் பலகை வைத்து மூடி, சிவப்புத் துணி கட்டுங்கள். மான் குளம்பு ஒன்று போதும், ஒரு கை அளவு படத்தைக் குழப்பிவிடும்.

மறைத்து வைத்தல்

பிலடெல்பியாவின் தார்க்கடதாசி செய்த வேலையை இங்கே சுண்ணாம்பு செய்யும். ஏழு நாள் முடிந்ததும் படத்தின் மேல் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் வண்டல் கலந்து இரண்டு தடவை பூசுங்கள். பார்ப்பவருக்கு அது சாதாரணச் சீமெந்து ஒட்டு. நடக்கும் கால்களும் மழையும் நீர் உறிஞ்சாத டைல்ஸிலிருந்து அதை மெல்ல எடுத்துவிடும், சில வாரம் கழித்து ஒரு நண்டின் கால் வெளியே தெரியத் தொடங்கும். இடைவெளிகளில் மட்டும் வெள்ளை கொஞ்சம் தங்கும். அதனால் கறுப்பு நிறக் குழம்பு பாவித்த வேலைக்கு இது சரிவராது.

பழுது வந்தால்

ஒரு துண்டு மட்டும் கழர்ந்தால் அடியில் வெற்றிடம் இருந்திருக்கிறது. குழியைத் துப்புரவாக்கி, நனைத்து, மேலதிகமாக வைத்த துண்டை 1:1 குழம்பில் வையுங்கள். ஓரமாக ஒரு வரிசை கழர்ந்தால் விளிம்பு உயர்ந்திருக்கிறது. அந்த வரிசையை முழுதும் எடுத்து 2 மி.மீ தாழ்த்திப் பதிக்க வேண்டும், வெறுமனே ஒட்டினால் மீண்டும் கழரும். கட்டையால் தட்டும்போது தகரம்போல வெற்றொலி வந்தால் சாந்தும் கொங்கிறீற்றும் பிரிந்துவிட்டன, அதைத் திருத்த முடியாது, புதிதாகவே போட வேண்டும். வெள்ளை பூத்தால் உலர்ந்த தூரிகையால் தேயுங்கள். கழிவறை அமிலம் ஊற்றினால் பூத்ததோடு சேர்ந்து இடைவெளிச் சீமெந்தும் போய்விடும்.

குழாய் போட வருபவர்கள் உடைக்க நேர்ந்தால் அவர்களோடு சண்டை வேண்டாம். சுற்றிவரக் கிரைண்டரால் வெட்டி, முழுப் பலகையாகத் தூக்கித் தரும்படி கேளுங்கள். 5 செ.மீ தடிப்புள்ள துண்டு 15 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் தேவை. வேலை முடிந்த அன்றே படத்தை நேர் மேலிருந்து, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து, ஒருமுறை உலர்ந்தும் ஒருமுறை நனைத்தும் படமெடுத்து வைத்தால், தூக்க முடியாமல் உடைந்தாலும் அதே தாளை மீண்டும் செய்யலாம்.